மலைச்சரிவில் மண்மூடிய வீடு: தூண், பலகை, பாலித்தீன்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய மலைக்காட்டுப் பகுதியில், மைக் ஓலர் 1971-இல் ஒரு வீடு கட்டினார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மொத்தச் செலவு 50 டாலர். இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 400 டாலர். 1975-இல் அதை விரிவாக்கியபோதும் சுமார் 500 டாலரில் முடிந்தது. மண்ணில் நட்ட மரத்தூண்கள், அவற்றின் வெளிப்புறம் அடுக்கிய பலகைகள், பலகைக்கு வெளியே பாலித்தீன் தாள், அதற்கு வெளியே மண். கான்கிரீட் சுவரும் தளமும் கிடையாது. மரம் நிலத்திலேயே கிடைத்தது, சன்னல்கள் பழைய சாமான், உழைப்பு சொந்தம்.

செலவைக் கேட்டதும் ஆசை வருவது இயல்புதான். ஆனால் இந்த முறையில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்களும் உண்டு, கைவைக்கவே கூடாத இடங்களும் உண்டு. பலகை, சன்னல், கதவு, தரை, உள்பூச்சு எல்லாவற்றிலும் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். கூரையின் எடையைத் தாங்கும் மரத்திலும், தண்ணீர் போகும் வழியிலும் கைவைத்தால் வீடு சில ஆண்டுகளில் அழுகும், அல்லது ஒரே நாளில் இறங்கும். இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றியதே.

முதலில், மண் என்ன தருகிறது என்பதில் தெளிவு வேண்டும். மண் நல்ல வெப்பத்தடுப்பு அல்ல. ஓரங்குல நுரைப்பலகை தடுக்கும் வெப்பத்தை ஓரடி ஈரமண் தடுக்காது. மண் செய்யும் வேலை வேறு: அது தாமதப்படுத்துகிறது. பகல்-இரவு வெப்ப மாற்றம் ஓரடி ஆழத்திலேயே ஏறக்குறைய மங்கிவிடும். பதினைந்து இருபது அடி ஆழத்தில் கோடை-குளிர்கால மாற்றம்கூடப் பெரிதாகத் தெரியாது. அங்கே நிலவுவது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை. வடக்கு ஐடஹோவில் அது சுமார் 8 அல்லது 9 டிகிரி. வெளியே உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே இருக்கும் நாளிலும் மண்மூடிய அறை அந்தக் கடுங்குளிரிலிருந்து அல்ல, உறைநிலைக்குச் சில டிகிரி மேலிருந்துதான் சூடேறத் தொடங்குகிறது. ஒரு சிறு விறகடுப்பு போதும் என்பது இதனால்தான்.

இதே கணக்கைத் தமிழ்நாட்டுச் சமவெளிக்குக் கொண்டுவந்தால் கதை மாறும். சென்னையின் ஆண்டுச் சராசரி 28 டிகிரிக்கு மேல். ஆழத்து மண்ணும் அதையொட்டியே இருக்கும். மே மாத நண்பகல் 40 டிகிரியிலிருந்து தப்பலாம், இரவின் குளிர்ச்சி கிடைக்காது. அதைவிடப் பெரிய தடை கரையான். மண்ணில் புதைத்த தூணும் பலகையும் கரையானுக்கு விருந்து, பாலித்தீன் அதைத் தடுக்காது. ஆகவே இங்கே சொல்லும் மரக்கட்டுமானத்தை அப்படியே நம் ஊர்ச் சமவெளிக்கு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எடைக் கணக்கும் வடிகால் விதிகளும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

இடம் பார்ப்பது

நல்ல இடம் தெற்கு நோக்கிய மிதமான சரிவு. தெற்கு என்பது குளிர்நாட்டு வெயிலுக்காக. மண் சரளை கலந்த மணலாக இருந்தால் அதிர்ஷ்டம். ஈரத்தில் ஊதிக் காய்ச்சலில் வெடிக்கும் களிமண் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. அது ஒவ்வொரு பருவத்திலும் சுவரைத் தள்ளும், பிறகு விலகும்.

பனி உருகும் வசந்தகாலத்தில் எட்டடி ஆழத்துக்கு ஆகர் (மண்ணில் துளையிடும் திருகுக் கருவி) கொண்டு ஒரு துளை போடுங்கள். கோடையில் போட்ட துளை பொய் சொல்லும். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தரைமட்டம் வரப்போகும் ஆழத்துக்கு மேலே தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம். துளையிலிருந்து வரும் மண்ணின் நிறத்தையும் பாருங்கள். பழுப்பும் செம்மையும் காற்றோடும் மண். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் தெரிந்தால் ஆண்டில் சில மாதங்கள் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று பொருள், இன்று காய்ந்திருந்தாலும்.

சரிவில் நிற்கும் மரங்களையும் கவனிக்க வேண்டும். அடிமரம் பள்ளப்பக்கம் வளைந்து, பிறகு நேராக நிமிர்ந்த மரங்கள் வரிசையாக நின்றால் அந்த நிலம் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே எதையும் தோண்டக் கூடாது.

மேட்டுப்பக்க முற்றம்

மலைச்சரிவில் வீடு என்றதும் எல்லோர் மனத்திலும் முதலில் வரும் படம் ஒன்றுதான்: சரிவுக்குள் குடைந்து, பின்சுவரை மலைக்குக் கொடுத்து, பள்ளத்தைப் பார்த்து மட்டும் சன்னல் வைப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஓலர் இதைக் கடுமையாக எதிர்த்தார், அவர் பக்கம் நியாயம் முழுமையாக இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதும், மேலே ஓடுவதும் மண்ணுக்குள் கசிவதும், நேராக அந்தப் பின்சுவரில் வந்து முட்டும். வீடு அணையாகிவிடுகிறது. வெளிச்சம் ஒரே பக்கம், காற்றுக்கு எதிர்வழி இல்லை, முன்பக்கம் தீப்பிடித்தால் ஓட இடமில்லை.

அவருடைய மாற்று, வீட்டுக்கும் மலைக்கும் நடுவே ஒரு முற்றம் தோண்டுவது. வீட்டின் மேட்டுப்பக்கச் சுவருக்கு வெளியே குறைந்தது எட்டுப் பத்தடி அகலத்துக்குத் தோண்டி, மலைப்பக்கத்தைப் படிப்படியாக மேலேற்றி, அந்த முற்றத்தைப் பார்த்துச் சன்னலும் கதவும் வைப்பது. மலையிலிருந்து வரும் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, அங்கிருந்து இருபக்கமும் வாய்க்காலாக வீட்டைச் சுற்றிப் போய்விடும். சுவரைத் தொடுவதே இல்லை. சன்னலிலிருந்து தெரிவது இருட்டுக் குழியாக இருக்காது. படிகளில் செடி வைத்தால் அறையின் நல்ல பக்கம் அதுவாகவே அமையும்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பின்சுவரை மலைக்குக் கொடுத்த வீட்டில் மண் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் சன்னல், அங்கே எதிர்த்துத் தள்ள மண் இல்லை. சட்டகம் முழுவதும் பள்ளத்தை நோக்கிச் சாயப் பார்க்கும். முற்றம் வைத்த வீட்டில் மண் தள்ளுவது இடமும் வலமும் உள்ள பக்கச் சுவர்களை மட்டுமே. இரண்டும் எதிரெதிரே இருப்பதால் நடுவில் ஓடும் உத்தரம் இரண்டுக்கும் முட்டாக நிற்கிறது. முற்றத்துக்காகத் தோண்டும் கூடுதல் மண், நீங்கள் வாங்கத் தேவையில்லாத கான்கிரீட் சுவருக்குச் சமம்.

முற்றத்தின் தரையை ஐம்பதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் வீட்டை விட்டு விலகும்படி அமையுங்கள். தாழ்ந்த கோட்டில் ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வாய்க்கால். அதில் மண் வடிகட்டும் துணி விரித்து, நாலங்குலத் துளைக்குழாய், சுற்றிலும் முக்கால் முதல் ஒன்றரை அங்குலச் சரளை, துணியை மேலே மடித்து மூட வேண்டும். குழாய்க்கு நூறடிக்கு ஓரடி வாட்டமாவது வேண்டும். குழாயின் முடிவு திறந்த சரிவில் வெளியே தெரிய வேண்டும், வாயில் எலி நுழையாத கம்பிவலை. முடிவை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டால் அது வடிகால் ஆகாது, நீர்த்தொட்டிதான். வாய்க்காலின் கடைசிப் பகுதிதான் பலர் சோர்ந்துபோய் விட்டுவிடும் இடம். வீட்டுத் தரையைவிட ஓரடியாவது தாழ்வாகக் குழாயை வெளியே கொண்டுவர முடியுமா என்பதை மட்டக்குழாய் பிடித்துப் பார்த்த பிறகே முதல் மண்வெட்டி போட வேண்டும்.

தோண்டுதல்

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, வேலை செய்ய ஓரடி இடம் விட்டு, சராசரி ஐந்தடி ஆழம் என்றால் சுமார் 24 கன மீட்டர். முற்றத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு. கையால் தோண்டினால் ஒருவர் ஒரு நாளில் இரண்டு, மூன்று கன மீட்டர் எடுத்து வெளியே போடுவார். இருபது ஆள்-நாள் என்று வைத்துக்கொள்ளலாம். தோண்டிய மண் உதிர்ந்து கால்பங்கு ஊதும், அதற்கும் இடம் வேண்டும். மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள், கூரையில் புல் வளர அதுதான் தேவை.

குழி இடிவதுதான் இந்த வேலையில் உயிரைக் கொல்லும் ஒரே விஷயம் என்றே சொல்லலாம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி ஐந்தடியோ அதற்கு மேலோ ஆழமான குழிக்கு, கெட்டிப் பாறையாக இல்லாவிட்டால், முட்டோ சரித்து வெட்டுதலோ கட்டாயம் என்கிறது. மணற்பாங்கான மண்ணில் ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி பின்னே சரிக்க வேண்டும். எடுத்த மண்ணைக் குழி விளிம்பிலிருந்து இரண்டடிக்கு உள்ளே குவிக்கக் கூடாது. தனியாக ஆழக்குழியில் இறங்கி வேலை செய்யவே கூடாது. இடுப்பளவு மண் சரிந்தாலே ஆள் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள முடியாது.

எடைக் கணக்கு

கூரையில் ஒன்றரை அடி மண். தண்ணீர் ஊறிய மண் கன அடிக்குச் சுமார் 54.5 கிலோ. ஆக, சதுர அடிக்கு 82 கிலோ. பனிக்கு 23 கிலோ. கட்டைக்கும் பலகைக்கும் 7 கிலோ. மொத்தம் சதுர அடிக்கு 112 கிலோ. சாதாரண மரவீட்டின் தளம் 23 கிலோவுக்குக் கணக்கிடப்படுகிறது. இங்கே அதைப்போல ஐந்து மடங்கு. 120 சதுர அடி அறையின் தலைக்கு மேல் பதின்மூன்று டன்னுக்கு மேல் நிற்கிறது. பனியைத் தவிர மற்றதெல்லாம் ஆண்டு முழுவதும், நிரந்தரமாக. பனியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பகுதிக்கு அரசு கொடுத்திருக்கும் எண்ணைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அதிகமானால் அதிகமாகப் போடுங்கள், குறைவானால் இந்த எண்ணையே வைத்திருங்கள்.

இந்த எடையை மலிவாகத் தாங்குவதற்கு ஒரே வழி தூண்களை நெருக்கமாக வைப்பது. கட்டையின் மீதான வளைவு விசை தாங்கிடைத் தூரத்தின், அதாவது இரண்டு தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரத்தின், வர்க்கத்தில் ஏறும். தூரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. இரண்டடிக்கு ஒன்றாக வைத்த உருண்டைக் கட்டை ஐந்தடி தாண்ட வேண்டுமானால் ஆறங்குல விட்டம் போதும். அதே கட்டை நடுத்தூண் இல்லாமல் பத்தடி தாண்ட வேண்டுமானால் ஒன்பது முதல் பத்தங்குலம் வேண்டும். பன்னிரண்டடி நீளப் பச்சைக் கட்டையாக இருந்தால் ஆறங்குலம் ஐம்பது கிலோவுக்குள் அடங்கும். இருவர் தூக்கிவிடலாம். பத்தங்குலம் என்றால் நூற்று முப்பது கிலோவைத் தாண்டும். நடுவில் தூண் நிற்பது அறையைக் கெடுக்கிறது என்று அதை எடுத்துவிடுபவர்கள் பிறகு கிரேன் தேடுகிறார்கள்.

ஆகவே அமைப்பு இப்படி. பன்னிரண்டடி நீளம் சரிவுக்குக் குறுக்கே, பத்தடி சரிவின் போக்கில். மூன்று வரிசைத் தூண்: மேட்டுப்பக்கம், நடு, பள்ளப்பக்கம். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு அடிக்கு ஒன்றாக நான்கு தூண்கள். ஒவ்வொரு வரிசை மேலும் எட்டங்குல விட்டத்தில் ஓர் உத்தரம். உத்தரங்களின் மேல், சரிவின் போக்கில், ஆறங்குலக் குறுக்குக்கட்டைகள் இரண்டடிக்கு ஒன்றாக. சுற்றிலும் ஓரடிக்குக் குறையாத வெளிநீட்டத்துடன் எட்டுக் கட்டைகள். அதன் மேல் ஒன்றரை அங்குலக் கனப் பலகை. முக்கால் அங்குலப் பலகையை இங்கே போடக் கூடாது. இரண்டடி இடைவெளியில் அது தாங்கும் எல்லையிலேயே நிற்கும், கொஞ்சம் அழுகினாலும் முறியும்.

பக்கச் சுவர்களில் தூண்கள் ஐந்தடி இடைவெளியில் வருவதால் ஒவ்வொரு இடைவெளிக்கும் நடுவே ஒரு தூண் கூடுதலாக வேண்டும். ஆக மொத்தம் பதினாறு தூண்கள்.

நடுத்தூண் ஒவ்வொன்றும் இரண்டேகால் டன்னுக்குக் குறையாமல் சுமக்கும். எட்டங்குலத் தூணின் அடிப்பரப்பு சதுர அடியில் மூன்றில் ஒரு பங்குதான். சாதாரண மண் சதுர அடிக்கு 900 கிலோ அளவே தாங்கும். தூணை வெறும் மண்ணில் நிறுத்தினால் மண்ணின் மீது விழுவது அதைப்போல ஏழு மடங்கு. தூண் மெதுவாக இறங்கும், கூரையில் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், எடை கூடும், இன்னும் இறங்கும். கூரை ஒழுகுகிறது என்று வரும் புகார்களின் வேர் பல சமயம் தூணின் அடியில் இருக்கிறது. தூண்குழியின் அடியில் ஒன்றரை அடிக்கு இரண்டடி அளவில் அரையடி கனமுள்ள தட்டைக்கல், அல்லது அதே அளவில் கம்பி வைத்த கான்கிரீட் பலகை. இந்த இடத்தில் நாலு மூட்டை சிமெண்ட் வாங்குவது வீண்செலவு அல்ல.

தூண் அழுகுவது அடியாழத்தில் அல்ல. காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் தரைமட்டத்தை ஒட்டிய பகுதியில்தான். பட்டையை முழுவதும் உரித்து, ஒரு கோடையாவது காயவைத்த கட்டை வேண்டும். அந்தப் பகுதியில் வளரும் லார்ச், சிவப்பு சீடார் இரண்டும் வைரப்பகுதியில் அழுகலைத் தாங்குபவை. வெளிப்புற வெள்ளைக்கட்டை எந்த மரத்திலும் தாங்காது. ஓலர் தூணின் அடியை நெருப்பில் கருக்கிப் பாலித்தீன் பைகளால் சுற்றினார். கருக்குவதை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. கருகிய தோல் வெடிப்பில் ஈரம் உள்ளே போகும். பையும் மேல்வாய் திறந்திருந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரம் அழுகாமல் காக்கும் காப்பர் நாப்தனேட் மருந்தை இரண்டு முறை பூசி, காயவிட்டு, பையின் வாயைத் தரைமட்டத்துக்கு மேல் இறுகக் கட்டிவிடுவது நல்ல வழி. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரயில் சிலீப்பர் கட்டைகளை உள்ளே கொண்டுவராதீர்கள். அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் குடியிருப்புக்குள் இருக்க வேண்டிய பொருள் அல்ல.

சுவரும் பின்மண்ணும்

ஏழடி ஆழச் சுவரில், வடிகால் ஒழுங்காக இருந்தால், ஓரடி நீளத்துக்கு மண் தள்ளுவது சுமார் 450 கிலோ. மண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றால் அது 950 கிலோவைத் தொடும். ஒரு சரளை அடுக்கும் ஒரு குழாயும் சேர்ந்து சுவரின் சுமையைப் பாதியாக்குகின்றன. வேறெந்தப் பொருளிலும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலம் கிடைக்காது.

பலகைகளைத் தூணின் வெளிப்பக்கம் அடுக்க வேண்டும். மண்ணே அவற்றைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆணி அதிகம் தேவையில்லை. இரண்டரை அடிக்கு ஒரு தூண் இருப்பதால் ஒன்றரை அங்குலப் பலகை போதும். கூடுதல் தூண் வேண்டாம் என்று ஐந்தடி இடைவெளியே விட்டால் அதே பலகையில் வளைவு விசை நான்கு மடங்காகும். கீழ்வரிசைகள் முதலில் தொந்தி போடும், பிறகு முறியும்.

கூரைக் கட்டைகள் ஏறி, வெட்டுப்பள்ளத்தில் உட்கார்ந்து, நீள ஆணி அடித்து முடியும் முன் சுவருக்குப் பின்னால் மண் தள்ளவே கூடாது. தலை பிடிக்கப்படாத தூணில், கீழே விழும் வளைவு விசை இரண்டரை மடங்கு. இரண்டடி ஆழத்தில் நட்ட கால் மண்ணைப் பிளந்துகொண்டு சாயும். பின்மண்ணை இடமும் வலமும் மாற்றி மாற்றி, அரையடி அரையடியாக, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஏற்ற வேண்டும். திமிசுக்கட்டையால் மெதுவாக இடித்தால் போதும். சுவரிலிருந்து மூன்றடிக்குள் டிராக்டர் வரக் கூடாது.

பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே பாலித்தீன். சுவருக்கு இரண்டு தாள் போடுவதற்குக் காரணம் உண்டு. பின்மண் எவ்வளவு இடித்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் கொஞ்சம் இறங்கும். இறங்கும்போது தாளையும் சேர்த்து இழுக்கும். ஒற்றைத் தாளை விறைப்பாக ஆணியடித்து மாட்டியிருந்தால் ஆணி இருக்கும் இடத்தில் கிழியும். இரண்டு தாள் இருந்தால் வெளித்தாள் வழுக்கி இறங்கும், உள்தாள் அப்படியே நிற்கும். வெளித்தாளின் மேற்பகுதியில் ஒரு முழத் தளர்வை மடித்து விடுங்கள். தாளுக்கு வெளியே ஓரடி அகலத்துக்குச் சரளை, அடியில் முற்றத்து வாய்க்காலோடு சேரும் துளைக்குழாய், மேல்முக்கால் அடிக்குக் களிமண் மூடி. இந்தச் சரளை குளிர்காலத்தில் உறைந்த மண் சுவரைக் கவ்வி இழுப்பதையும் குறைக்கும்.

கூரையின் அடுக்குகள்

வாட்டம் ஓரடிக்கு இரண்டங்குலம், மலையின் போக்கிலேயே. ஓரங்குலத்துக்குக் குறைந்தால் தண்ணீர் தயங்கும், மூன்றங்குலத்தைத் தாண்டினால் ஈரமண் பாலித்தீன் மேல் வழுக்கி இறங்கும். தட்டையான கூரை என்ற பேச்சே வேண்டாம்.

பலகையில் துருத்தும் ஆணித்தலை, சிராய் எல்லாவற்றையும் அடித்து, செதுக்கி, மேலே பழைய அட்டைப்பெட்டிகளோ பழைய கம்பளமோ விரியுங்கள். அதன் மேல் 0.15 மில்லிமீட்டர் கனக் கறுப்புப் பாலித்தீன். அதன் மேல் கல் சலித்த மண் மூன்று, நான்கு அங்குலம். அதன் மேல் இரண்டாவது தாள். அதன் மேல் மிச்ச மண், கடைசி ஆறங்குலம் மேல்மண். இரண்டாவது தாள்தான் உண்மையில் தண்ணீரை வெளியேற்றுவது. அது எங்காவது ஓட்டையானால் கசிந்த நீரை முதல் தாள் பிடித்து விளிம்புக்குக் கொண்டுபோகும். நடுவில் இருக்கும் மண் இரண்டு தாளும் ஒரே கல்லால் ஒரே இடத்தில் கிழியாமல் காக்கிறது.

ஒட்டு வரும் இடத்தில் ஓடு வேய்வதுபோல மேட்டுத்தாள் பள்ளத்தாளின் மேல் இரண்டடி ஏறி இருக்க வேண்டும். ஒட்டுநாடாவை நம்ப வேண்டாம், ஏறுமுகத்தை நம்புங்கள். கூரைத்தாள் சுவரைத் தாண்டி வெளியே இறங்கி, சுவர்த்தாளின் மேல் விழ வேண்டும். தலைகீழாகச் செய்துவிட்டால் கூரைத் தண்ணீர் முழுவதும் பலகைக்கும் தாளுக்கும் நடுவே இறங்கும்.

பாலித்தீனுக்கு வெயில் எமன். ஒரே கோடை வெயிலில் கிடந்த தாள் நொறுங்கத் தொடங்கும். மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் இருக்கும். விரித்த அன்றே மூட முடிந்த அளவு மட்டும் விரியுங்கள். விளிம்புகளில் துளிகூட வெளியே தெரியக் கூடாது. கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் வேறு எதற்கும் செலவழிக்காமல் மேல்தாளுக்குப் பதில் குளங்களுக்குப் போடும் 1.1 மில்லிமீட்டர் ரப்பர்த் தாள் ஒரே துண்டாக வாங்குங்கள்.

பள்ளப்பக்க விளிம்பில் மண் சரியாமல் இருக்க ஒரு கட்டை வைக்கவேண்டி வரும். அந்தக் கட்டையே அணையாகி, கூரையில் தண்ணீரைத் தேக்குவது இந்த வீடுகளில் அடிக்கடி காணும் கோளாறு. கட்டையைத் தாளின் மேல் நேரடியாக வைக்காமல் இரண்டங்குலக் கற்களின் மேல் நிறுத்தி, பின்னால் ஓரடி அகலத்துக்குச் சரளை போட்டால் தண்ணீர் கீழாகப் போய்விடும். விழும் இடத்தில் தரையிலும் ஒரு சரளை வாய்க்கால் வேண்டும், அது வீட்டை விட்டு ஓட வேண்டும்.

வெளிநீட்டம் சேர்த்துப் பதினான்குக்குப் பதினாறு கூரைக்கு மண் மட்டும் ஒன்பதரை கன மீட்டர். ஈரத்தில் பதினெட்டு டன். கூரை மண்ணையும் ஒரே பக்கம் கொட்டாமல் சீராக ஏற்றுங்கள். இருபதடிக்கு நூறடிப் பாலித்தீன் சுருள் ஒன்று கூரை, சுவர், தரை மூன்றுக்கும் போதும்.

தரை, காற்று, தப்பும் வழி

தரையை மட்டமாக்கி, இடித்து, நாலங்குலச் சரளை, பாலித்தீன், ஓரங்குல மணல், அதன் மேல் பலகையோ பழைய கம்பளமோ. சரளைக்குள் நாலங்குலத் துளைக்குழாய் ஒன்றைப் போட்டு, அதிலிருந்து செங்குத்துக் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோங்கள். மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்னும் கதிரியக்க வாயுவுக்கான வழி அது. நுரையீரல் புற்றுநோய்க்கு அது காரணம் என்பது உறுதிப்பட்ட செய்தி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை காற்றில் அதன் அளவு லிட்டருக்கு 4 பைக்கோகியூரியை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தொட்டால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. குடியேறியபின் ஒரு சோதனைப் பெட்டி வாங்கி அளந்துவிடுங்கள். எண் கூடுதலாக இருந்தால் அந்தக் குழாயில் ஒரு சிறு விசிறி வைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். கட்டி முடித்தபின் குழாய் வைப்பது பெரிய வேலை.

விறகடுப்புக்கு வெளிக்காற்று தனிக்குழாயில் நேராக வர வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடம் நிச்சயம் ஒழுகும் இடம் என்பதால், முடிந்தவரை சன்னல் சுவர் வழியாக வெளியே எடுத்து மேலே கொண்டுபோகலாம்.

அமெரிக்கக் குடியிருப்பு விதியில், தூங்கும் அறைக்குத் தப்பும் சன்னல் ஒன்று வேண்டும்: திறந்த பரப்பு 5.7 சதுர அடி, உயரம் 24 அங்குலத்துக்கும் அகலம் 20 அங்குலத்துக்கும் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்குள். மேட்டு முற்றத்துக்கான கதவே இதை நிறைவேற்றிவிடும். உங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கட்டட அனுமதி வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கழிவுத்தொட்டிக்கும் மின்சாரத்துக்கும் தனி அனுமதி இருக்கும். நிலம் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

முதல் ஆண்டு உள்ளே ஈரம் அதிகமாக இருக்கும். பச்சைக் கட்டையும் புதுமண்ணும் காய வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் மூன்றங்குலம் விட்டு வையுங்கள். இரண்டு பக்கச் சன்னலையும் தினமும் சிறிது நேரம் திறந்தால் பூஞ்சை அண்டாது.

கூரையில் புல்லும் சிறு பூண்டுகளும் மட்டும். மரக்கன்று முளைத்தால் விரல்நீளத்தில் பிடுங்கிவிட வேண்டும். சுற்றிலும் வேலி போடுங்கள். மேயவரும் குதிரை ஐந்நூறு கிலோ எடையை நான்கு குளம்புகளில் இறக்கும், அதற்குத் தாளும் ஆகாது, அழுகத் தொடங்கிய பலகையும் ஆகாது. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகும் வாரத்தில் வடிகால் குழாயின் வாயில் தண்ணீர் ஓடுகிறதா பாருங்கள். ஓடாவிட்டால் அது எங்கோ நிற்கிறது. ஒரு நீளக் கம்பியின் கூர்முனையால் ஒவ்வொரு தூணையும் தரைமட்டத்தில் குத்திப் பாருங்கள், கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் பக்கத்தில் ஒரு துணைத்தூண் கொடுக்கும் நேரம். நடு உத்தரத்தின் அடியில் ஒரு நூலைக் கோடிக்குக் கோடி இழுத்துக் கட்டி, நூலுக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியைச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். முதல் ஆண்டு கொஞ்சம் மாறும். மூன்றாம் ஆண்டிலும் மாறிக்கொண்டே இருந்தால், தாளைப் பார்க்கும் முன் தூணின் அடிக்கல்லைத் தோண்டிப் பாருங்கள்.